சாம்பல் நிற எழுத்துகள்

அக்கா போன் செய்தபோது நான் சிதம்பரம் கீழ வீதியில் என் கடையில் உட்கார்ந்து ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

“மாமா லேப்டாப்ப மூடி வெச்சிட்டு மாடிக்குப் போயிட்டாருடா. சாப்பிடக் கூப்பிட்டாலும் எறங்கி வரல. அதுல புதுசா ஒண்ணு வந்துச்சே, அதுலருந்தே இப்படித்தான் இருக்காரு. ஞாயித்துக்கெழம நீ வந்து இன்னான்னு பாத்துட்டுப் போ” என்றாள்.

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது நடந்தாலும் எனக்குத்தான் போன் வரும். நான் வைத்திருப்பது டைப்பிங், ஜெராக்ஸ் கடை. அதற்கு மேல் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை அவர்களுக்கு.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கீரப்பாளையத்தில் நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, படித்து, தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர். கடிதம் வரைவதில் அவருக்கு அலுவலகத்தில் தனிப் பெயர் உண்டு. எவ்வளவு சிக்கலான விஷயமாக இருந்தாலும் “பார்வையில் கண்டுள்ள கடிதத்தின்பால் தங்களது கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது” என்று ஆரம்பித்து, யாருக்கும் கோபம் வராமல், எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார். வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். சாப்பாடு எப்படி என்று அக்கா கேட்டால், “குறைசொல்ல முகாந்திரம் இல்லை” என்பார். நான் போனால் “வாங்க மச்சான், தங்கள் வருகை நல்வரவாகுக” என்று ஒரு வணக்கம் வைப்பார். அவர் பேச்சில் எங்கள் எல்லோருக்கும் ஒரு மயக்கம் இருந்தது.

அந்தப் பேச்சு ஒரு காலையில் நின்றுவிட்டது. சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்திருக்கிறது. என்ன சத்தம் என்று அக்கா போய்ப் பார்த்தபோது வாஷ்பேசினைப் பிடித்தபடி நின்று அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். அது வார்த்தையாக இல்லை. அக்கா தாமதிக்காமல் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிருக்கு ஆபத்து வரவில்லை. பக்கவாதம் என்றார்கள். கால் சீக்கிரமே சரியாகிவிட்டது. வலது கையில் பலம் குறைந்தது. வார்த்தை போனது போனதுதான்.

போனது என்றால், அவருக்கு நாம் பேசுவது எல்லாம் புரியும். பேப்பர் படிப்பார். யார் வந்தார், யார் வரவில்லை எல்லாம் தெரியும். சொல்ல வரும்போது மட்டும் வார்த்தை கிடைக்காது. சீப்பைக் காட்டி “சாவி” என்பார். சொன்ன உடனே அது தப்பு என்று தெரிந்து கண்ணை மூடிக்கொள்வார். முப்பது வருடமாக வார்த்தையை வைத்தே பிழைத்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக் கையை ஆட்ட வேண்டியிருந்ததைப் பார்க்க எனக்குச் சக்தியில்லை. பார்க்கப் போகும்போதெல்லாம் சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

சிதம்பரத்தில் என் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மா இருக்கிறார் என்று தெரிந்து நான்தான் ஏற்பாடு செய்தேன். வாராவாரம் அக்கா மாமாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவாள். பயிற்சி முடிந்து என் கடைக்கு வந்து காப்பி குடித்துவிட்டுக் கடலூருக்குத் திரும்புவார்கள். அந்தப் பயிற்சியாளர் அதிகம் சிரிக்காதவர். மாமாவைக் குழந்தை போல நடத்த மாட்டார். “சார்” என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் எங்களிடம் சொன்னார்.

“சார் தெனமும் நாலு வரி எழுதணும். அன்னைக்கு என்ன நடந்துச்சோ அத. தப்பா வந்தா பரவாயில்ல. ஒரு வார்த்தைக்குப் பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்ல. தேடறதுதான் இங்க வைத்தியம். கெடைக்கிறது அப்புறம்.”

வலது கையால் பேனா பிடிக்க முடியாததால் லேப்டாப்பில் எழுதட்டும் என்று முடிவானது. கோயம்புத்தூரில் படிக்கும் மாமாவின் மகள் லீவில் வந்திருந்தபோது தன் பழைய லேப்டாப்பில் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மாமா இடது கையின் ஒற்றை விரலால் தட்டினார். முதல் வாரங்களில் எழுதியது எல்லாம் இரண்டு மூன்று வார்த்தைதான். “காலை. இட்லி. காக்கா.” அக்கா அதை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்புவாள். அனுப்பிவிட்டு எதுவும் எழுத மாட்டாள். நானும் ஒரு கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

பிறகு ஒருநாள் முழுப் பக்கம் வந்தது.

“இன்று காலை சீக்கிரம் எழுந்து நடைப்பயிற்சி சென்றேன். வானம் தெளிவாகவும் காற்று இதமாகவும் இருந்தது. எனது உடல்நிலை நாளுக்கு நாள் முன்னேறி வருவதை உணர்கிறேன். எனது குடும்பத்தினரின் அன்பும் ஆதரவும் எனக்குப் பெரும் பலமாக உள்ளது.”

கடையில் ஆட்கள் இருந்தார்கள். நான் எழுந்து வெளியே போய் நின்று அதை மறுபடி படித்தேன். மாமா திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்த நடை அவருடையதுதான். அக்கா அதைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். காடாம்புலியூரில் இருக்கும் பெரியப்பா வீட்டிலிருந்து, சென்னையிலிருந்து, எங்கெங்கிருந்தோ வாழ்த்து குவிந்தது. பெரியப்பா மகன் மறுநாளே முந்திரிப்பருப்பு ஒரு பையும் பலாப்பழம் ஒன்றும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்துவிட்டார்.

அந்த வாரம் சிதம்பரம் வந்தபோது மாமா காப்பியைத் தொடவில்லை. என் மேஜைத் திரையைக் காட்டினார். ஆய்வேடு திறந்திருந்தது. ஒரு வரியின் பாதியில் நான் நிறுத்தியிருந்ததால் மீதியை மென்பொருளே ஊகித்துச் சாம்பல் நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. பிடித்திருந்தால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், அது கறுப்பாக மாறி நம் எழுத்தாகிவிடும். சமீபத்தில் வந்த அப்டேட்டில் சேர்த்திருந்த செயற்கை நுண்ணறிவு உதவியாளர் அது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதத் தெரியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு நான் அதை வைத்துத்தான் ஒப்பேற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமா அந்தச் சாம்பல் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“அது... நான்... இல்ல” என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் மாறியது. அன்றைக்கு அவர் நடக்கப் போகவே இல்லை என்று அவள் சொன்னாள். முதுகு வலி என்று மத்தியானம் வரை படுத்திருந்தார். “இன்று காலை” என்று மட்டும் தட்டிவிட்டு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறார். சாம்பல் எழுத்து வந்து நின்றிருக்கிறது. இது என்ன என்று ஒரு பொத்தானைத் தட்டிப் பார்த்திருக்கிறார். தட்டத் தட்ட ஒவ்வொரு வரியாக வந்து பக்கம் நிறைந்துவிட்டது. அக்கா வந்து பார்த்துச் சந்தோஷத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இல்லை என்று சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். பலாப்பழத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு மாடிக்குப் போனதும், அக்காவின் போனும்.

ஞாயிற்றுக்கிழமை நான் கடலூர் போனேன். மாமா கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். கையால் வெட்டுவது போலக் காட்டினார். அந்தச் சாம்பல் எழுத்தை அணைத்துவிடு என்கிறார்.

அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

“அத ஏன் எடுக்கணும்? இருக்கட்டுமே. லீவு முடியப் போவுது. ஆபீசுக்குப் போனா டிராப்ட் எழுதணும்ல? ரெண்டு வார்த்த தட்டுனா அதுவே எழுதிக் குடுக்குது. உங்கள மாதிரியே எழுதுதுங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

அவள் பேச்சில் தந்திரம் எதுவும் இல்லை. அவள் பயந்திருந்தாள். அவர் வேலைக்குத் திரும்ப முடியாமல் போய்விட்டால் இந்த மனிதர் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிப்போய்விடுவார் என்ற பயம். உண்மையைச் சொன்னால் நானும் மனதுக்குள் அவள் பக்கம்தான் இருந்தேன். கால் சரியில்லாதவருக்குக் கைத்தடி கொடுப்பதில்லையா என்று நினைத்தேன்.

மாமா வார்த்தையைத் தேடினார். நெற்றி வேர்த்தது. நாங்கள் ஏதாவது சொல்லிக் கொடுத்துவிடுவோமோ என்று இடது கையைத் தூக்கித் தடுத்தார்.

“அது... பழைய ஆளு” என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, “இது... வேற” என்றார்.

அக்காவுக்குக் கண் கலங்கியது. “இன்னா வேற? எனக்கு அந்தப் பழைய ஆளுதான் வேணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். தேடுவதுதான் வைத்தியம் என்று சொன்னவர் உடனே அணைக்கச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“சில பேருக்கு நானே அத வெச்சுக்கச் சொல்லுவேன் சார். சுத்தமா எழுத முடியாதவங்களுக்கு அது பெரிய ஒதவி. இவரு விஷயத்துல இவரு இன்னா சொல்றாரு?”

“வேணாங்கிறாரு.”

“அப்புறம் ஏன் எங்கிட்ட கேக்கறீங்க?” என்றார். குரலில் கடுமை இல்லை. “அவருக்குப் பதிலா நீங்க யாரும் பேசாதீங்க. மென்பொருளும் பேச வேணாம், மச்சானும் பேச வேணாம்.”

போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அணைப்பது ஒரு நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். என் கடையில் இருப்பதில் அமைப்புகளுக்குள் போனால் உதவியாளரை இயக்கு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், டிக்கை எடுத்தால் போதும். இதில் அந்தக் கட்டம் மங்கலாக இருந்தது. தொட்டால் அசையவில்லை. இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று கீழே எழுதியிருந்தது. எந்த நிறுவனம் என்று குழம்பி, மகளுக்குப் போன் போட்டேன். அவள் தன் கல்லூரிக் கணக்கில் அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கல்லூரி வைத்திருக்கிற அமைப்பை அவளாலும் மாற்ற முடியாது.

“அப்பாவுக்கு ஹெல்ப்பா இருக்குமேன்னு அம்மா சொன்னாங்களே, ஏன் எடுக்கறீங்க?” என்று அவள் கேட்டாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மாமாவிடம் நீட்டினேன்.

மாமா போனைப் பார்த்தார். “அப்பா...” என்றார். பிறகு ஒரு பெரிய இடைவெளி. “அப்பா... எழுதணும்.”

அவள் பாஸ்வேர்டைச் சொன்னாள். அவள் கணக்கை வெளியே எடுத்தேன். என் கடையின் மென்பொருள் உரிமத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் இருந்தது, அதில் மாமாவைச் சேர்த்தேன். இப்போது கட்டம் தெளிவாகத் தெரிந்தது. டிக்கை எடுத்தேன். மூடித் திறக்கச் சொன்னது. மூடித் திறந்தேன். மேலே இருந்த உதவியாளரின் வண்ணச் சின்னம் போய்விட்டது. மாமா “இன்று” என்று தட்டினார். சாம்பல் எழுத்து வந்து நின்றது, “ஒரு இனிய நாள்” என்று.

மாமா சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஊகித்துக் காட்டுவதற்கு வேறொரு பக்கத்தில் வேறொரு கட்டம் இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்து எடுப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வேண்டும் என்று யாரும் கேட்காமலே வந்து உட்காரத் தெரிந்ததற்குக் கிளம்பத் தெரியவில்லை. மாமாவுக்குப் பொறுமை போகவில்லை. நான் வேகவேகமாக எங்கெங்கோ தட்டியபோது என் கையைப் பிடித்து நிறுத்தி, “திரும்ப” என்றார். முதலிலிருந்து ஒவ்வொரு படியாகக் காட்டினேன். அவர் ஒவ்வோர் இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் வெள்ளைப் பக்கமும் துடிக்கிற ஒரு கோடும் மட்டும் இருந்தன. மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் எழுந்து தள்ளிப் போய்விட்டேன். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் தட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்தினார், அழித்தார், கண்ணை மூடினார். நான் கிளம்பும்போது திரையில் “மச்சான் வந்தான்” என்று இருந்தது. எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. மரியாதையாக “வந்தார்” என்பதைத் தவிர வேறு எப்படியும் அவர் என்னைக் குறித்துச் சொன்னதோ எழுதியதோ இல்லை. கிண்டலா, வார்த்தை தவறியதா என்று கேட்டேன். அவர் காப்பியை எடுத்துக் குடித்தார்.

அதற்குப் பிறகு அவர் எழுதியவைதான் நான் இதைச் சொல்வதற்கே காரணம். அக்கா அவற்றைக் குடும்பக் குழுவில் போடுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு மட்டும் அனுப்புவாள், அவரைக் கேட்டுவிட்டு. நான் கடையில் ஆயிரக்கணக்கான பக்கம் டைப் செய்திருக்கிறேன். இப்படி ஓர் எழுத்தைப் படித்ததில்லை. ஒன்றிரண்டை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

“மழை. கொடியில் துணி. நான் பார்த்தேன். சொல்ல வரவில்லை. துணி நனைந்தது. இரண்டு தடவை துவைத்தாள்.”

“சாம்பாரில் உப்பு ஜாஸ்தி. வார்த்தை வந்தது. சொல்லவில்லை.”

இதைப் படித்துவிட்டு அக்கா போனிலேயே சிரித்தாள். “கல்யாணமாகி இத்தன வருஷத்துல உப்பு ஜாஸ்தின்னு ஒரு நாளு சொன்னது கெடையாதுடா. முகாந்திரம் இல்லைன்னே சொல்லிச் சொல்லி என்ன ஏமாத்தியிருக்காரு.”

எழுத்து எப்போதும் சரியாக வந்துவிடவில்லை. சீப்பு இன்னும் சில நாள் சாவியாகத்தான் இருந்தது. ஒரு வாரம் முழுக்க ஒன்றும் வராமல், தேதியை மட்டும் தட்டிவிட்டு மூடிய நாட்களும் உண்டு. அந்த வாரங்களில் அக்கா எனக்குப் போன் செய்து, “மறுபடி அத போட்டு வுடலாமாடா?” என்று மெதுவாகக் கேட்பாள். நான் பயிற்சியாளர் சொன்னதைச் சொல்வேன். அவரைக் கேள் என்பேன். அவள் கேட்டிருக்க மாட்டாள்.

பிறகு ஒருநாள் வந்தது இது.

“அவள் மாடியில் அழுதாள். எனக்குக் கேட்டது. ஏறினேன். கதவு வரை. என்ன சொல்வது. இறங்கினேன். இப்போது எழுதுகிறேன். கேட்டது.”

இதை அக்கா எனக்கு அனுப்பவில்லை. பல நாள் கழித்து நான் வீட்டுக்குப் போயிருந்தபோது லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். மாமா அப்போது வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“நான் அழுவறது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்டா” என்றாள். “இதப் படிச்சிட்டு அவரு பக்கத்துல போயி உக்காந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. ஆனா இத்தன வருஷத்துல அப்படி உக்காந்ததில்ல.”

குடும்பத்தினரின் அன்பும் ஆதரவும் என்று அந்தச் சாம்பல் எழுத்து எழுதியதை நான் நினைத்துக்கொண்டேன். அது பொய் இல்லை. யாருடைய வீட்டுக்கும் பொருந்தும். கதவு வரை ஏறி இறங்கியது இந்த வீட்டில் மட்டும்தான் நடந்தது.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு காலை என் போனில் மாமாவின் பெயர் வந்தது. நோய் வந்த பிறகு அவர் யாருக்கும் போன் செய்ததில்லை. அவருக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். எதிரில் ஆள் இருந்தால் கையைக் காட்டலாம், முகத்தைக் காட்டலாம். போனில் வார்த்தையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அக்காதான் பேசப் போகிறாள், ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“மாமா?”

பதில் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. வாய் வரை வந்த கேள்வியை எல்லாம் விழுங்கிக்கொண்டு நின்றேன். ஜெராக்ஸுக்கு நின்றவரிடம் கொஞ்சம் இருங்கள் என்று சைகை காட்டினேன்.

“மச்சான்” என்றார் மாமா. “அப்டேட். வந்துது... அது. திரும்ப வந்துது.”

“நான் ஞாயித்துக்கெழம வந்து எடுத்துடறேன் மாமா.”

“வேணாம்.” மறுபடி மூச்சு. “அணச்சிட்டேன். ரெண்டு... ரெண்டு எடத்துலயும்.”

வைத்துவிட்டார். ஜெராக்ஸுக்கு நின்றவர், “யாரு சார், ஏதும் நல்ல சேதியா?” என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். ஆமாம், எங்க மாமா போன் பண்ணாரு என்றேன். அதில் என்ன சேதி என்று அவர் கேட்கவில்லை.

அப்டேட் ஒன்று வந்து நம் அமைப்பை அழித்துவிட்டுப் போவது என் கடையில் வாடிக்கை. எரிச்சலோடு சரி செய்துவிட்டு மறந்துவிடுவேன். வார்த்தைகள் நழுவிப்போன ஒரு மனிதர், பட்டியல் பட்டியலாக இருக்கும் அந்த அமைப்புகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, எது வேண்டாமோ அதைக் கண்டுபிடித்து எடுத்து, அதைச் சொல்ல போனையும் எடுத்திருக்கிறார். நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவச் சான்று கிடைத்து அவர் வேலைக்குத் திரும்பினார். முன்பு இருந்த பிரிவில் இல்லை. வரும் தபால்களைப் பிரித்து அனுப்பும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அது அவருக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருப்பார் என்று அக்கா சொன்னாள். அங்கேயும் கம்ப்யூட்டரில் அந்த உதவியாளர் இருந்திருக்கிறது. பக்கத்து இருக்கைப் பெண் அவர் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, “சார், இத ஆன் பண்ணி வெச்சிக்குங்க, உங்களுக்கு ஈசியா இருக்கும். நானே இதுலதான் ஓட்டறேன்” என்று சொல்லியிருக்கிறாள். மாமா, “உனக்கு நல்லதும்மா. எனக்கு வேணாம்” என்றாராம். முழுசாக இரண்டு வாக்கியம். அந்தப் பெண் அதற்குப் பிறகு அவரைத் தொந்தரவு செய்யவில்லை. அவர் ஒரு வார்த்தைக்காக நிற்கும்போது தானும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

என் கடையில் நான் அதை அணைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது வேண்டியிருக்கிறது, எனக்கும் வேண்டியிருக்கிறது. ஆனால் ஆய்வேட்டின் முதலில் நன்றியுரை என்று ஒரு பக்கம் வரும், அதை மட்டும் அவர்களையே எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். சிலர் முணுமுணுக்கிறார்கள். ஒரு பெண் அப்பாவைப் பற்றி ஒரே வரி எழுதி எடுத்து வந்தாள். நான் அதில் கை வைக்காமல் அப்படியே போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் நானும் அக்காவும் மாமாவும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தோம். நல்ல கூட்டம். சுண்டல் சாப்பிட்டோம். மாமா தண்ணீரில் கால் நனைத்துவிட்டு வந்து மடித்துவிட்ட பேன்ட்டை இறக்கிவிடாமலே நடந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

“எங்க போவணும், சீக்கிரம் சொல்லுங்க” என்றார் டிரைவர்.

மாமாதான் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார், வரவில்லை. டிரைவர் எங்களைப் பார்த்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அக்கா ஓர் எட்டு முன்னால் வைத்தாள், பிறகு நின்றுவிட்டாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் பார்த்தாள்.

“திருப்பா...” என்றார் மாமா. நிறுத்தினார். டிரைவர் ஆக்சிலரேட்டரை முறுக்கினார். மாமா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். “திருப்பாப்புலியூர். ஸ்டேஷன்கிட்ட. மூணு பேரு.”

“ஏறுங்க சார்” என்றார் டிரைவர்.

உள்ளே இருந்த பாட்டி நகர்ந்து இடம் விட்டார். மாமா ஏறி உட்கார்ந்து, நாங்கள் ஏறும் வரை கழற்றியிருந்த எங்கள் செருப்பையும் மீதிச் சுண்டல் பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டார்.